முப்பத்தொரு நாள், முப்பத்திரண்டு வீடு

என் விசுவாசம் வளர்ந்ததற்குக் காரணம் ஒரு பெண்மீது எனக்கிருந்த ஆத்திரம். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதை இப்படி நேராகச் சொன்னதில்லை. எங்கள் அன்பியத்தில் யாரைக் கேட்டாலும், தாய் வருத்தத்தில் படுக்கையில் விழுந்த பிறகு பிள்ளை கடவுளைப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். நான் பிடித்துக்கொண்டது வேறொன்றை.

குருநகரில் எங்கள் கோவில் பங்கை ஒழுங்கை ஒழுங்கையாக, சந்து சந்தாகப் பிரித்து, முப்பது நாற்பது வீடுகளுக்கு ஒரு அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். செபமாலையில் ஒரு பத்து, அதாவது ஒரு பரலோக மந்திரமும் பத்து அருள் நிறைந்த மந்திரமும் மட்டும் சொல்லி, நற்செய்தி வாசித்து, அதில் தன்னைத் தொட்ட சொல் எது என்று ஒவ்வொருவரும் சொல்லி முடிய, பிளேன்ரீயும் வாய்ப்பனும் வரும். எங்களுடையதில் முப்பத்திரண்டு வீடு. ஒக்டோபர் செபமாலை மாதம் என்பதால் அந்த மாதம் முழுக்க மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி, அடுத்த நாள் பின்னேரம் மெழுகுதிரியோடும் பாட்டோடும் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒக்டோபருக்கு முப்பத்தொரு நாள்தான். ஒரே வளவுக்குள் இருக்கிற ஒரு தாய் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளைக் கொடுத்து அந்தக் கணக்கை எத்தனையோ வருடமாகச் சமாளித்து வந்தோம்.

அப்போது பொறுப்பாளராக இருந்தவரை நான் அன்ரி என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றுமில்லை, எங்கள் ஒழுங்கையில் கொஞ்சம் வயதான எல்லோரும் அன்ரிதான். பத்து வருடத்துக்கு மேலாகப் பொறுப்பில் இருந்தார். எந்த வீட்டில் கூட்டம், யார் வாசிப்பது, எத்தனை வாய்ப்பன் சுடுவது என்பது வரை அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். அந்த வருடம் செப்டெம்பர் முடிகிற நேரம் அன்ரி தன் கையால் எழுதிய ஒக்டோபர் பட்டியலைக் கொண்டுவந்து, முப்பத்தைந்து கொப்பி அடிக்கச் சொன்னார். கண்ணாடியில் வைத்து மூடிப் பொத்தானை அமத்திவிட்டு, சூடாக வந்து விழுந்த முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். பதினாறாம் திகதி, அந்த ஒரே வளவுத் தாயின் வீடு. பதினேழாம் திகதி மகள் வீடு. மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் இரண்டு தரம் தேடினேன். எங்கள் வீடு இல்லை. மெஷின் பாட்டுக்குத் தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது.

“அன்ரி, எங்கடை வீடு விடுபட்டுப் போச்சுது.”

“விடுபடேல்லைப் பிள்ளை. முப்பத்தொரு நாள்தானே. ஒரு வீடு விடத்தானே வேணும்.”

“உந்தத் தாயும் மகளும் எப்பவும் ஒரு நாள்தானே எடுக்கிறவை?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார். கடையில் வேறு மூன்று பேர் நின்றார்கள். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“உன்ரை தம்பி அல்லேலூயாவிலை சேந்திட்டான். மாதா வேண்டாமெண்ட ஆள் இருக்கிற வீட்டுக்கு மாதாவை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வாறது? நீயே யோசிச்சுப் பார்.”

என் தம்பி வயரிங் வேலை செய்பவன். அரியாலையில், மாதாவையும் சுரூபங்களையும் வணங்காத ஒரு அல்லேலூயாச் சபைக்கு அவன் போகத் தொடங்கி அப்போது ஆறு மாதம் இருக்கும். போனதிலிருந்து குடியை விட்டான், அம்மாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கப் பழகினான். வீட்டில் இருந்த ஒரு சுரூபத்தையும் அவன் தொட்டதில்லை. இதெல்லாம் அன்ரிக்கும் தெரியும். என் அவமானத்தை என் கையாலேயே முப்பத்தைந்து கொப்பி அடித்து, ஓரம் தட்டி, அவர் கையில் கொடுத்தேன்.

தம்பியிடம் சொன்னபோது, “நான் வேணுமெண்டால் அந்த மாதம் அரியாலையிலை நிக்கிறன் அக்கா. மாதா வரட்டும்,” என்றான். நீ ஏன் போக வேண்டும் என்று அவன்மேல் பாய்ந்தேன். பாய வேண்டிய ஆள் வேறு, அகப்பட்டது அவன்.

அம்மா மட்டும் நம்பவில்லை. கொப்பி அடித்ததில்தான் ஏதோ பிழை, கடைசி நாள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார், புது யன்னல் சீலை தைப்பித்தார். முப்பத்தோராம் திகதிக்குரிய வீடு எங்கள் வீட்டைத் தாண்டி இருந்தது. ஊர்வலம் எங்கள் வாசல் படலையைக் கடந்துதான் போக வேண்டும். மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு படலையில் போய் நின்றார் அம்மா. நான் உள்ளே வரச் சொல்லியும் கேட்கவில்லை. முன்னால் அன்ரி வந்தார். எங்கள் படலை வந்ததும் பாட்டை இன்னும் உரத்துப் பிடித்தார், முகத்தைத் திருப்பாமல் போனார். பின்னால் வந்தவர்களில் சிலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் போய் முடிந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றார். மெழுகு வழிந்து அவருடைய கையில் உறைந்திருந்தது. நான் அதை உரித்தபோது தோல் சிவந்திருந்தது. அம்மா உள்ளே போய், மேசையில் விரித்திருந்த துணியை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

ஜனவரியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சுக் குழறியது. டொக்டர் பிறசர் என்றார். ஓம் டொக்டர் என்றேன். பிறசர் எந்தப் படலையால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதமே ஒரு முடிவெடுத்தேன். அவரைத் திட்டிச் சண்டை பிடித்தால் ஒழுங்கை எனக்குத்தான் வாய்க்காரி என்று பெயர் வைக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், முப்பத்திரண்டு வீடு போதும் என்று நினைத்தேன். அடுத்த பொறுப்பாளர் தெரிவு ஓகஸ்டில். அதுவரை எட்டு மாதம் இருந்தது.

அதற்கு முன் அன்பியத்துக்கு மாதத்தில் ஒரு தரம் போனால் பெரிய விஷயம். இப்போது ஒரு புதனும் தவறவில்லை. மழைக்கும் போனேன், காய்ச்சலோடும் போனேன். அங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. பரலோக மந்திரத்தில், நமக்குக் குற்றம் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று சொல்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அந்த இடம். கோவிலில் நூற்றுக்கணக்கான பேரோடு சொல்லும்போது வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. அன்பியம் அப்படியல்ல. சின்ன அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க இருக்கிறோம். யார் வாய் அசைகிறது, யார் வாய் அசையவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு நேரே எதிரில் அன்ரி இருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொற்களைச் சொல்ல என்னால் முடியவில்லை. பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஆனால் அந்தப் பொய்யை மட்டும் சொல்ல மாட்டேன் என்று இருந்தேன்.

வழியைச் செபமாலையே காட்டித் தந்தது. செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். மன்னிக்கிற இடம் பின்பாதியில் வருகிறது. முன்பாதி சொல்கிறவர் அதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த புதன் “இண்டைக்கு நான் சொல்லுறன்” என்று முந்திக்கொண்டேன். அதற்கடுத்த புதனும் அப்படியே. பிறகு அது என் வேலையாகவே ஆகிவிட்டது. என்ன பக்தி, என்ன குரல் என்று பெண்கள் கதைத்தார்கள். மற்றவர்கள் பின்பாதி சொல்லும்போது நான் கண்ணை மூடி, தலையைக் குனிந்திருப்பேன். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வாசிப்புக்கும் என்னைக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டால் ஆயத்தம் செய்ய வேண்டும், ஆயத்தம் செய்ய வாசிக்க வேண்டும். அப்படித்தான் நாற்பத்திரண்டு வயதில் நான் விவிலியத்தை ஒழுங்காக வாசித்தேன். பகைவனின் பல்லை உடைத்துத் தரச் சொல்லிக் கடவுளைக் கேட்கிற திருப்பாடல்கள் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பக்கங்களில் பஸ் ரிக்கற்றுகளை அடையாளம் வைத்தேன். நோயாளிகளைப் பார்க்கப் போனேன், செத்த வீடுகளில் இருந்து செபம் சொன்னேன், வாட்ஸப் குழுவில் விடியக் காலையில் வாசகம் போட்டேன். நான் போய்ப் பார்த்த நோயாளிகளில் சிலர் என் கையைப் பிடித்து அழுதார்கள். அவர்களை ஏமாற்றுகிறேனோ என்று ஒன்றிரண்டு தரம் நினைத்ததுண்டு. நான் கொண்டுபோன கஞ்சி உண்மையான கஞ்சிதானே என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஓகஸ்டில் கோவில் குருவானவரான பங்குச் சுவாமி வந்து தெரிவு நடத்தினார். கடுதாசித் துண்டில் பெயர் எழுதிப் போடச் சொன்னார். அன்ரிக்கு ஆறு துண்டு விழுந்தது. மிச்சம் முழுக்க எனக்கு. சுரூபம் வைக்கிற மரப்பெட்டியையும் அதன் பூட்டுத் திறப்பையும் அவர் என் கையில் தந்தபோது, “கவனமாப் பார் பிள்ளை, மாதாவின்ரை இடக்கை விரலிலை ஒரு வெடிப்பு இருக்குது,” என்றார். நான் தலையாட்டினேன்.

செப்டெம்பரில் பட்டியல் போட்டேன். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் வேறு வேறு நாள். முப்பதாம் திகதி எங்கள் வீடு. முப்பத்தோராம் திகதி ஒரு மீன்காரப் பெண்ணின் வீடு. அங்கே போகும் ஊர்வலம் அன்ரியின் படலையைக் கடந்துதான் போக வேண்டும். அதற்காகவே அந்த வீட்டைக் கடைசியில் போட்டிருந்தேன். அன்ரியின் பிரதியை வாட்ஸப்பில் அனுப்பாமல் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. முடிவில் நின்றது.

“என்ரை வீட்டைக் காணேல்லை.”

“முப்பத்தொரு நாள்தானே அன்ரி. ஒரு வீடு விடத்தானே வேணும்.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். “ஓம், அது சரிதான்,” என்று சொல்லித் தாளை நாலாக மடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு சோற்றில் ருசி தெரிந்தது.

ஆனால் அவர் என் சந்தோசத்தை முழுசாக இருக்க விடவில்லை. வராமல் நிற்பார், சுவாமியிடம் போய் அழுவார், ஒழுங்கை முழுக்கத் தூற்றுவார் என்று காத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் வந்தார். கதவோரத்தில் இருந்து செபமாலை சொல்லிவிட்டு, பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார். அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

முப்பதாம் திகதி சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தம்பி வாடகைக் கதிரைகளை இறக்கிப் போட்டுவிட்டு வெளியே மாமரத்தடியில் போய் இருந்தான். அம்மாவைத் தூக்கிச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, மேசைக்கு அருகில் வைத்தோம். மடித்து வைத்த அதே துணியை அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தேன். அம்மா இடக்கையை நீட்டி மாதாவின் பாதத்தைத் தொட்டார். அந்த ஒரு தொடுகைக்காக நான் இன்னும் பத்துப் பேரைப் பட்டியலிலிருந்து வெட்டியிருப்பேன்.

ஒக்டோபரில் ஐந்து பத்தும் சொல்வோம். முதல் பத்தை வீட்டுக்காரர் சொல்வார். ஐந்தாவது பத்தை, அடுத்த நாள் சுரூபத்தை வரவேற்கப் போகிற வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம், அதுதான் அழைப்பு. நாலு பத்தும் முடிந்தது. மீன்காரப் பெண்ணைக் காணவில்லை. மகளுக்கு வயிற்றுக்குத்து வந்து எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பொறுப்பாளர் என்று நானே சொல்லிவிடலாம் என மூச்சை இழுத்தேன். அதற்கிடையில் கதவோரத்திலிருந்து அன்ரி தொடங்கிவிட்டார்.

நிதானமாக முன்பாதி முழுவதையும் சொல்லி நிறுத்தினார். இனி நாங்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு மாதா அவர் வீட்டுக்கு. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டில், என் தாய்க்கு முன்னால், நான் அந்த வரியைச் சொல்ல வேண்டும். எனக்குப் பல் கடிபட்டது.

அப்போது அம்மா தொடங்கினார். அவருடைய குழறல் வெளியாட்களுக்கு வெறும் சத்தம்தான். பத்து மாதமாகக் கூட இருக்கிற எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். உணவைக் கேட்கிற இடத்தைக் கடந்தார். மன்னிக்கிற இடத்துக்கு வந்தார். அங்கே நாக்குப் புரளாமல் ஒரு தரம் நின்று, மறுபடி முதலிலிருந்து அந்த வரியைப் பிடித்து, முழுதாகச் சொன்னார். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் சேரவில்லை. எனக்கு அம்மாவின்மேல் கோபம் கோபமாக வந்தது. மெழுகு கொட்டியது அவருடைய கையில், ஒரு வருடம் அதைச் சுமந்தது நான். என்னைக் கேட்காமல் அதை எப்படித் தூக்கிக் கொடுக்கலாம் என்று இருந்தது.

எல்லோரும் போன பிறகு அன்ரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.

“இந்த வருசம் முழுக்க நீ பின்பாதி சொல்லேல்லை,” என்றார். “எல்லாரும் பக்தி எண்டு நினைக்கினம்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நானும் உப்பிடித்தான் முன்னுக்குச் சொல்லத் துவங்கினனான். ஒரு ஆளிலை இருந்த கோவத்திலை.” செருப்பை உதறி மண்ணைக் கொட்டினார். “அந்த ஆள் செத்து எட்டு வருசம். நீ முந்திக்கொள்ளுற மட்டும் நான் முன்னுக்குத்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒழுங்கையிலேயே என்னை முழுசாக அறிந்த ஒரே ஆள் இவர்தானா என்று நினைக்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மீன்காரப் பெண் போன் எடுத்தார். பேரன் பிறந்துவிட்டான், வீடு பூட்டிக் கிடக்கிறது, மாதாவை வேறு எங்கேயாவது கொண்டு போங்கள் என்றார். எங்கே என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஐந்தாவது பத்தைச் சொன்னவர் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். வழக்கப்படி முந்தின வீட்டுக்காரர்தான் சுரூபத்தைச் சுமக்க வேண்டும். சுமந்துகொண்டு நடந்தேன். அன்ரி படலையில் மெழுகுதிரியோடு நின்றார். காற்றுக்குத் திரி ஒரு பக்கமாக எரிந்து மெழுகு அவர் கையில் வடிந்துகொண்டிருந்தது. கையை உதறவில்லை.

முன்னறையில் மேசை ஆயத்தமாக இருந்தது. துணி வெள்ளைதான், ஆனால் ஓரங்களில் பழைய மெழுகுச் சொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன. மாதம் முழுக்க வெறும் மேசைக்குத் திரி கொளுத்தியிருக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். முப்பது நாள் என்று எண்ணிப் பார்த்தேன், என் அம்மாவுக்கு ஒரு நாள், உனக்கு முப்பது நாள் என்று நினைத்தேன், திருப்தியாக இருந்தது.

கடைசி நாளில் ஐந்து பத்தையும் பொறுப்பாளரே சொல்வது வழக்கம். முதல் பத்துக்கு முன்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். எல்லோரும் பின்பாதியைத் தொடங்கினார்கள். பழக்கத்தில் தலையைக் குனியப் போன நான், ஏனோ நிமிர்ந்து எதிரில் இருந்த அன்ரியைப் பார்த்தேன். உணவைக் கேட்கிற இடத்தில் அவர் வாய் அசைந்தது. மன்னிக்கிற இடத்தில் மூடிக்கொண்டது. என்னைப் பார்த்துக்கொண்டே மூடிக்கொண்டார். அது கடந்த பிறகு மறுபடி அசைந்தது. இரண்டாவது பத்திலும் அப்படியே. மூன்றாவதிலும், நாலாவதிலும்.

குற்றம் செய்தவர் என்றால் அது அவர்தான் என்று ஒரு வருடமாக இருந்தேன். இந்த அறையில் இன்றைக்கு அந்த ஆள் நான். முப்பது நாள் என்று நான் ருசித்து எண்ணியதை அவரும் எண்ணியிருக்கிறார். எட்டு வருடத்துக்கு முன் செத்த ஒருவருக்குப் பிறகு, இவர் வாயை மூட வைத்த அடுத்த ஆள் நான்தான். இனி இவர் எத்தனை வருடத்துக்கு மூடியிருப்பாரோ தெரியாது, இவருக்கு ஆயுள் கெட்டி.

ஐந்தாவது பத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. முன்பாதியைச் சொல்லி முடித்தேன். பிறகு, முறையில்லாத முறையாக, மற்றவர்களோடு சேர்ந்து பின்பாதியையும் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்தவர் நான் மாறிச் சொல்கிறேன் என்று நினைத்து முழங்கையால் இடித்தார். நான் நிறுத்தவில்லை. இதை வைத்து நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் சுவாமியிடம் போய்ச் சொல்ல வேண்டாம். அந்த இடம் வந்தபோது எனக்கு நாக்குப் புரளவில்லை. மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். அம்மாவைப் போலவே குழறிக் குழறி, நான் மட்டும் தனியாக அந்த வரியில் நின்றுகொண்டிருந்தேன்.